புனித நூலைக் குறை சொல்லலாமா?

இறையனார் களவியல் உரையின் முகப்பில் வரும் கதை தமிழ் படித்தவர்கள் பலருக்கும் தெரிந்தது. பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டுகள் மழை இல்லை. பஞ்சம் தீர்ந்தபின் நாடு விட்டுப் போன புலவர்களைத் தேடிக் கொண்டுவர அரசன் ஆள் அனுப்புகிறான். எழுத்தும் சொல்லும் யாப்பும் வல்லவர்கள் கிடைக்கிறார்கள். பொருளதிகாரம் வல்லவர் ஒருவரும் அகப்படவில்லை. அரசன் கவலைப்படுவதைக் கண்ட ஆலவாய் இறைவன் தானே 60 சூத்திரங்களைச் செப்பேட்டில் எழுதித் தன் பீடத்தின் கீழ் இடுகிறான். நூல் செய்தவன் கடவுள் என்றால் அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? ஆனால் பேச்சே அங்கேதான் தொடங்குகிறது. சங்கப் புலவர்கள் ஆளுக்கோர் உரை செய்கிறார்கள். எது மெய்யுரை என்று வழக்கு எழுகிறது. தீர்ப்புச் சொல்ல உட்கார்த்தப்படுகிறவன் உருத்திரசன்மன் என்ற ஐந்து வயதுச் சிறுவன், வாய் பேசாதவன். மருதன் இளநாகனார் உரை வாசிக்கப்பட்டபோது சில இடங்களில் மட்டும் அவன் கண்ணீர் வார்த்து மெய்ம்மயிர் சிலிர்க்கிறான். நக்கீரர் உரைக்குச் சொல்தோறும் சிலிர்க்கிறான். வழக்கு முடிகிறது.

கடவுளின் சூத்திரத்தை அந்தச் சிறுவன் எடை போடவில்லை, மனிதர் செய்த உரையைத்தான் எடை போட்டான் என்று ஒருவர் மறுக்கலாம். சரியான மறுப்புதான். ஆனால் உரை இல்லாமல் அந்தச் சூத்திரம் யாருக்கும் எட்டவில்லை என்பதையும் அதே கதை சொல்கிறது. செப்பேடு கையில் இருந்தும் சங்கம் திகைத்து நிற்கிறது. ஒரு நூல் எவ்வளவு உயர்ந்த இடத்திலிருந்து வந்தாலும் படிக்கிறவன் ஒருவன் தன் அறிவையும் உணர்வையும் கொண்டு அதைத் தொட்டாக வேண்டும். தொடும்போது அவன் இது பொருந்துகிறது, இது பொருந்தவில்லை என்று பிரித்தே தீருவான். அப்படிப் பிரிப்பது பக்திக்குப் பகையா, பக்தியின் பகுதியா என்பதுதான் கேள்வி. புனித நூலின் நிறை குறைகளை வாய்விட்டுச் சொல்லும் உரிமை வாசகனுக்கு உண்டு. அதைவிட, அது அவன் கடமை என்றே நினைக்கிறேன். அந்த உரிமைக்கு ஒரு விலை மட்டும் உண்டு. குறை சொல்கிறவன் நூலில் இடத்தைக் காட்ட வேண்டும், காரணத்தைச் சொல்ல வேண்டும், பதில் வந்தால் காது கொடுக்க வேண்டும்.

புகழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். ஒரு நூலைப் போல் வேறொன்று இல்லை என்று பக்தர் சொல்லும்போது யாரும் அவரைத் தடுப்பதில்லை. ஆனால் அதுவும் ஒரு தீர்ப்பு. மற்ற நூல்களையும் பார்த்தேன், ஒப்பிட்டேன், இது மேல் என்று கண்டேன் என்பதே அதன் பொருள். மேல் என்று காணும் கண்ணுக்குக் கீழ் என்று காணவும் முடியவேண்டும். குறையே காணக்கூடாது என்று முன்கூட்டியே கட்டளை இட்டபின் கிடைக்கும் புகழ், வேறு விடை எழுத இடம் தராத தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணுக்குச் சமம். அதை வைத்துக்கொண்டு நூலின் பெருமையை நிறுவ முடியாது. நூலின் மேல் உண்மையான மதிப்பு உள்ளவர்கள்தான் இதைப் பற்றி முதலில் கவலைப்பட வேண்டும்.

தமிழ் மரபு இந்தக் கவலையைப் பட்டிருக்கிறது. தொல்காப்பியம் மரபியலில் நூலுக்கு வரக்கூடிய பத்துக் குற்றங்களைச் சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் பத்துக் குற்றத்தோடு பத்து அழகையும் சேர்த்து வைக்கிறார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல் என்று அந்தக் குற்றங்களின் பெயரைப் படித்தாலே இவை ஏட்டோடு ஏடாக ஒட்டிவைத்துச் சோதிக்கப் பிறந்தவை என்று தெரிகிறது. எனக்குப் பிடிக்கவில்லை என்பது அந்தப் பட்டியலில் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டாயா, முன்னே சொன்னதற்கு முரணாகப் பின்னே சொன்னாயா என்று கேட்கும் பட்டியல் அது. ஏட்டைப் புரட்டிப் பார்த்து ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிடலாம். தொல்காப்பியமே நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டாசான் முன்னால் குற்றமறத் தெரிந்து காட்டப்பட்டது என்று அதன் சிறப்புப் பாயிரம் பேசுகிறது. இலக்கண நூலுக்குக் கிடைத்த முதல் பெருமை, சோதனைக்கு உட்பட்டது என்ற பெருமை.

இங்கே கெட்டியான எதிர்வாதம் ஒன்று உண்டு. அதே தொல்காப்பியமும் நன்னூலும் வினையின் நீங்கிய முழு அறிவன் செய்ததையே முதல்நூல் என்கின்றன. ஆகவே பத்துக் குற்றம் வழிநூலுக்கும் சார்புநூலுக்கும்தான். முதல்நூலைத் தொடாதே என்று சொல்லலாம். ஒப்புக்கொள்வோம். முழு அறிவன் செய்த நூலில் குற்றம் இராது. ஆனால் கையில் இருக்கும் இந்த ஏடு முழு அறிவன் செய்ததுதானா என்று எப்படித் தெரியும்? சைவர் ஒன்றைக் காட்டுவார், சமணர் வேறொன்றைக் காட்டுவார், கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் தத்தம் நூலைக் காட்டுவார்கள். எல்லாருக்கும் தத்தம் நூல் முதல்நூல். இவற்றில் ஒன்றைத் தேர்வதும் மற்றதை விடுவதும் வாசகன் செய்யும் வேலையே. பிறந்த வீட்டில் இருந்த நூல் என்பதற்காகவே அதை ஏற்றுக்கொண்டதாக எந்த மதத்தின் அறிஞரும் பெருமையாகச் சொல்ல மாட்டார். மதுரையில் சம்பந்தர் ஏட்டை நெருப்பிலும் வைகையிலும் இட்டதாகப் பெரிய புராணம் சொல்வதும் ஒரு சோதனையின் கதைதான். எதிரியின் ஏடும் தன் ஏடும் ஒரே நெருப்பில், ஒரே நீரில் போகட்டும் என்று ஒப்புக்கொண்டதில் அந்தக் கதையின் வலு இருக்கிறது. சோதனையை நெருப்பிடம் விடுவதைவிட வாசகனிடம் விடுவது நல்லது என்று இன்று நாம் சொல்லலாம்.

நக்கீரர் கதையை இதற்கு எதிராக நீட்டுவார்கள். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், ஏழை தருமிக்காக இறைவன் எழுதிக் கொடுத்த பாட்டில் பொருட்குற்றம் உண்டு என்கிறார் கீரர். பெண்கள் கூந்தலுக்கு இயற்கை மணம் இல்லை என்பது அவர் வாதம். நெற்றிக் கண் திறந்தபின்னும் விடாமல் நிற்கிறார். வெப்பம் தாங்காமல் பொற்றாமரைக் குளத்தில் விழுகிறார். மக்கள் நினைவில் அவர் வீரராக நிற்கிறார். 1965இல் வந்த திரைப்படத்துக்குப் பிறகு அந்த வீரம் இன்னும் உறுதிப்பட்டது. ஆனால் புராணத்தைப் புராணமாகப் படித்தால் பரஞ்சோதி முனிவர் கீரர் பக்கம் இல்லை. கீரர் தவறினார், வருந்தினார், பாடித் துதித்துக் கரையேறினார் என்றுதான் சொல்கிறார். அதனால் இந்தக் கதையைக் காட்டி, கடவுளையே குறை சொன்ன மரபு நம்முடையது என்று மார் தட்டுவதில் அவசரம் இருக்கிறது. இன்னொரு பக்கம், குறை சொன்னவன் எரிந்தான் என்று பயமுறுத்துகிறவர்களும் பாதிக் கதையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அடுத்த படலத்தைப் பார்க்க வேண்டும். கரையேறிய கீரருக்கு இறைவன் விதிப்பது மௌனம் அல்ல, படிப்பு. அகத்தியரை வரவழைத்து இலக்கணம் கற்பிக்கச் செய்கிறான். தவறான குறை கண்டவனுக்கு மருந்து, இனி வாயைத் திறக்காதே என்பதாக இல்லை. நன்றாகக் கற்றுக்கொண்டு வா என்பதாக இருக்கிறது. அதற்கும் அடுத்த படலம், புலவர்களுக்குள் எழுந்த கலகத்தைத் தீர்க்க ஊமைப் பிள்ளை ஒருவனை நடுவனாக வைக்கும் படலம். கீரர் பட்ட பாட்டோடு நூல்களை எடை போடும் வேலை மதுரையில் நின்றுவிடவில்லை என்பதைப் புராணமே காட்டுகிறது. இறைவன் இயற்றியதாக நிற்கும் அந்தப் பாட்டும் குறுந்தொகையில் இரண்டாம் பாட்டாக, மற்றப் புலவர்களின் பாட்டோடு பாட்டாக, எண் போட்டு வைக்கப்பட்டிருக்கிறது. கடவுள் பாட்டு என்று தனிப் பேழையில் வைக்கவில்லை.

வைணவ உரை மரபில் இதைவிட நுட்பமான சான்று கிடைக்கிறது. திருமாலையாண்டானிடம் இராமானுசர் திருவாய்மொழிப் பொருள் கேட்ட காலத்தில், ஆசிரியர் ஒரு பாசுரத்தை வருத்தமாக விரித்தார். அறியாப் பருவத்திலேயே என்னை உனக்கு அன்பனாக்கிவிட்டு, மயக்கும் இந்த உடம்போடு இன்னும் வைத்திருக்கிறாயே என்று ஆழ்வார் நோவதாகச் சொன்னார். இராமானுசர் அதை ஏற்கவில்லை. முன்னும் பின்னும் உள்ள பாசுரங்களில் மகிழ்ச்சி ததும்புகிறது. நடுவில் ஒன்று மட்டும் நோவாக இருக்க முடியாது என்று வேறு பொருள் சொன்னார். இது விசுவாமித்திர சிருஷ்டி, மரபில் இல்லாத புதுப் படைப்பு என்று ஆசிரியர் பாடத்தையே நிறுத்திவிட்டார். திருக்கோட்டியூர் நம்பி வந்து, நம் குரு ஆளவந்தார் இப்படியும் சொல்லக் கேட்டிருக்கிறேன் என்று தீர்த்து வைத்ததாகக் குருபரம்பரை சொல்கிறது. இராமானுசர் பாசுரத்தைக் குறை சொல்லவில்லை, பாடத்தைத்தான் குறை சொன்னார். ஆனால் அவர் கையாண்ட அளவுகோலைப் பாருங்கள். பதிகத்தின் நடை இங்கே உடையக்கூடாது என்பதே அது. ஒரு நூல் எப்படி இருந்தால் நன்று, எங்கே உடைந்தால் குறை என்ற எண்ணம் மனத்தில் இல்லாதவனுக்கு அந்த வாதம் தோன்றவே தோன்றாது. நூலை உயிராக நினைத்தவர் அந்த அளவுகோலைக் கீழே வைக்கவில்லை. நம்பிள்ளையின் ஈட்டுரையில் இது ஆளவந்தார் நிர்வாகம், இது பட்டர் நிர்வாகம் என்று ஒன்றோடொன்று ஒவ்வாத பொருள்கள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன. ஒன்றை வைத்து மற்றதை அழித்துவிடவில்லை.

இன்னொரு தரப்பினர் வேறு திசையிலிருந்து மறுப்பார்கள். நூலைப் பற்றிச் சொல்வதெல்லாம் அவரவர் ருசி. ஒருவருக்குத் தேன், ஒருவருக்கு வேம்பு. இதில் சரி எது, தவறு எது என்பார்கள். பக்தர் நூலைக் கேள்விக்கு மேலே ஏற்றிவைக்கிறார். இவர்கள் கருத்தைக் கேள்விக்கு மேலே ஏற்றிவைக்கிறார்கள். இரண்டிலும் உரையாடல் செத்துவிடுகிறது. எனக்குப் பிடிக்கிறது என்பது என்னைப் பற்றிய செய்தி. அதை யாரும் மறுக்க முடியாது, மறுக்க வேண்டியதும் இல்லை. இந்த இடம் பலவீனமானது என்பது நூலைப் பற்றிய செய்தி; அதைச் சொன்ன நிமிஷத்திலேயே நான் தவறாக இருக்கக்கூடும் என்ற நிலைமைக்கு வந்துவிடுகிறேன். தவறாக முடியும் என்பதுதான் அங்கே சரி என்று ஒன்று இருப்பதற்கு அடையாளம். உருத்திரசன்மனின் கண்ணீர்கூட வெறும் ருசி அல்ல. மருதன் இளநாகனார் உரைக்கு அவன் சில இடங்களில் மட்டும் சிலிர்த்தான் என்று கதை கவனமாகச் சொல்கிறது. அவன் காட்டிய இடங்களைச் சங்கம் மீண்டும் படித்துப் பார்க்கலாம். பேசத் தெரியாத பிள்ளையும் இடத்தைக் காட்டத்தான் செய்தான்.

கம்பராமாயணத்தில் வாலி வதைப் படலம் இதற்கு நல்ல உரைகல். மார்பில் தைத்த அம்பைப் பிடுங்கி அதில் இராமன் பெயரைப் படிக்கிறான் வாலி. பிறகு கேட்கத் தொடங்குகிறான். அரக்கன் ஒருவன் உன் மனைவியைக் கவர்ந்தால் அதற்காக வேறொரு குரங்கரசனைக் கொல்ல எந்த அறநூல் சொல்லிற்று? இராமன் விடை சொல்கிறான்: தம்பியின் மனைவியைக் கவர்ந்தாய், அடைக்கலம் வந்தவனுக்கு நான் நண்பன். எங்கள் விலங்கினத்துக்கு அந்த விதி இல்லையே என்கிறான் வாலி. அறம் தெரிந்து பேசுகிற நீ விலங்கல்ல என்கிறான் இராமன். சரி, அதெல்லாம் இருக்கட்டும், மறைந்து நின்று வேடன்போல் ஏன் எய்தாய் என்ற கடைசிக் கேள்விக்கு இராமன் வாய் திறக்கவில்லை. இலக்குவன் பேசுகிறான். உன் தம்பி முன்னே சரண் புகுந்துவிட்டான்; எதிரே வந்திருந்தால் நீயும் சரண் புகுந்துவிடுவாய் என்றே அண்ணன் மறைந்து எய்தான் என்கிறான். வாதமாக நிறுத்துப் பார்த்தால் இது நொண்டி விடை. எய்தவனுக்கு வரவிருந்த சங்கடத்தைச் சொல்கிறதே தவிர, செயல் அறமா என்று சொல்லவில்லை. எனவே இந்த இடத்தில் காப்பியத்தின் அறவாதம் பலவீனமாக இருக்கிறது என்று நான் துணிந்து சொல்வேன். அதே இடம் கவிதையாக மிக வலிமையானது என்றும் சொல்வேன். குற்றம் சாட்டுகிறவனுக்குத் தன் நூலின் மிகச் சிறந்த பேச்சுகளில் ஒன்றைக் கம்பர் கொடுத்திருக்கிறார். தெய்வம் என்று தாம் வணங்கும் நாயகனை அந்தக் கேள்வியின் முன்னால் பேசாமல் நிற்க வைத்திருக்கிறார். வால்மீகியில் இராமன் தானே விடை சொல்கிறான் என்பதை நினைத்தால், இந்த மௌனம் கம்பர் தெரிந்து செய்த தேர்வு என்று தோன்றுகிறது. இல்லை, இலக்குவன் விடை வாதமாகவும் நிற்கும் என்று சொல்கிறவர்கள் உண்டு. கம்பன் விழாப் பட்டிமன்ற மேடைகளில் வாலி வழக்கு ஆண்டாண்டாக நடந்துவருகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த மு. மு. இஸ்மாயில், இன்னொரு மதத்தவர், இந்த வழக்கை ஆழ்ந்து ஆராய்ந்து எழுதினார். கம்பர் மேல் அவருக்கிருந்த காதலை இந்த ஆராய்ச்சி குறைக்கவில்லை. இராமனை வணங்குகிறவர்களும் அவரை அந்நியராக நினைக்கவில்லை.

அன்போடு குறை சொன்னால் கேட்கலாம், பகைவன் சொன்னால் ஏன் கேட்க வேண்டும் என்பது அடுத்த மறுப்பு. 1943இல் அண்ணாதுரை கம்பராமாயணத்தை எதிர்த்து முதலில் சென்னைச் சட்டக் கல்லூரியில் ரா. பி. சேதுப்பிள்ளையோடும், அடுத்துச் சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் வாதிட்டார். அவருடைய நோக்கம் மறைவானதல்ல. அந்தக் காப்பியத்தின் செல்வாக்கை வீழ்த்த வந்தவர் அவர். பெண்ணுடல் வருணனைகளில் ஆபாசம் இருக்கிறது என்றார், கம்பரசம் என்று தனியே எழுதினார். நோக்கம் எதுவானால் என்ன? சீதையை அடையாளம் சொல்லி அனுப்பும் நாடவிட்ட படலத்தில் கணவன் தன் மனைவியின் அங்க அழகை அனுமனிடம் ஒவ்வொன்றாக விரிப்பது ஏட்டில் இருக்கிறது. அது அங்கே பொருந்துகிறதா என்பது நியாயமான கேள்வி. பாதாதிகேச வருணனை அக்காலக் காப்பிய மரபு என்ற விடையும் நியாயமானது. மரபுதான், ஆனாலும் தேடிப் போகும் தூதனுக்கு இது உதவுமா என்று திருப்பிக் கேட்பதும் நியாயமே. கேட்டவர் பகைவர் என்பது இந்த மூன்றில் எதையும் மாற்றாது. பகைவன் கண்ணுக்குத் தப்பும் குறை அபூர்வம். அந்த வகையில் பக்தனுக்கு அவன் செய்வது உபகாரம்.

இதே கம்பரைக் காதலித்த டி. கே. சிதம்பரநாத முதலியார் வேறு வழியில் போனார். தம் காதுக்கு ஒவ்வாத செய்யுள்கள் கம்பருடையவை அல்ல, பிறர் புகுத்தியவை என்று ஆயிரக்கணக்கில் விலக்கினார். இடைச்செருகல் உண்டு என்பதில் ஐயமில்லை. பதிப்பாசிரியர்கள் ஏடுகளை ஒப்பிட்டு மிகைப்பாடல் என்று பலவற்றை ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் ஏட்டுச் சான்றின்றி, நன்றாக இருப்பது கம்பர், நன்றாக இல்லாதது வேறொருவர் என்று வகுத்துவிட்டால் கம்பரிடம் குறையே காண முடியாது. அப்போது அவரிடம் நிறையும் காண முடியாது. வாசகன் தன் ருசியையே கண்டு மெச்சிக்கொள்கிறான். டி.கே.சி.யின் காதில் இருந்த நுண்மையை மதிக்கிறேன். ஆயினும் இந்த விஷயத்தில் நூலுக்கு அதிக மரியாதை செய்தவர் அண்ணாதுரைதான் என்று எண்ணுகிறேன். இருப்பதை இருப்பதாக எடுத்துக்கொண்டு அவர் வழக்காடினார்.

ஆனால் அந்த விவாதங்களின் கோரிக்கையாக இருந்தது தீ. கம்பராமாயணத்தையும் பெரிய புராணத்தையும் கொளுத்த வேண்டும் என்பது. வாதத்தின் வலிமையைத் தீ தின்றுவிடுகிறது. எந்தச் செய்யுள், எந்த அடி, எதனால் என்று எரிகிற தாளிடம் கேட்க முடியாது. பெருமாள்முருகனின் மாதொருபாகன் நாவல் 2010இல் வந்தது. 2014இன் இறுதியில் திருச்செங்கோட்டில் அதைக் கொளுத்தினார்கள். அப்போது பகுத்தறிவின் பெயர் இல்லை, பக்தியின் பெயர் இருந்தது. தீ அதே தீதான். குழந்தையில்லாத பெண் ஒருத்தி அர்த்தநாரீசுவரர் கோயில் தேர்த்திருவிழாவின் ஓர் இரவுக்குப் போவதாக வரும் பகுதியில் ஆசிரியர் கற்பனையை வரலாறுபோல் வைத்தாரா, அப்படி வைப்பது ஊர்மக்களுக்கு இழைக்கும் அநீதியா என்று கேட்டிருந்தால் அது கேட்கத்தக்க கேள்வி. நாவலுக்கு என்ன சுதந்திரம் உண்டு என்ற விடையும் வந்திருக்கும். அதற்கு இடம் இல்லாமல் போயிற்று. எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று ஆசிரியர் அறிவிக்கும் அளவுக்குப் போயிற்று. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ஆசிரியர் பக்கம் தீர்ப்பளித்தது. பிடிக்காத நூலைப் படிக்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை என்பது அதன் நிலை. சட்டத்துக்கு அது போதும். எழுதுகிறவனைக் காக்க அதுவே வேண்டும். ஆனால் அறிவுக்கு அது போதாது. பிடிக்காவிட்டால் மூடிவை என்று மட்டும் நின்றுவிட்டால் மனம் புண்பட்ட வாசகன் புண்ணோடு வீட்டுக்குப் போகிறான். நூலும் கேட்கப்பட வேண்டிய கேள்வியைக் கேளாமலே நிற்கிறது.

கேள்வி நீதிமன்றம் போவதில் உள்ள ஆபத்துக்குப் பழைய உதாரணம் அருட்பா வழக்கு. 1867இல் இராமலிங்க அடிகள் பாடல்கள் திருவருட்பா என்ற பெயரில் அச்சேறின. தேவார திருவாசகங்களுக்கே உரிய அருட்பா என்ற பெயரை இதற்குக் கொடுக்கலாமா என்று ஆறுமுக நாவலர் தரப்பு எழுந்தது. 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. உள்ளே இருந்த கேள்வி ஆழமானது. ஒரு பாட்டை அருட்பா ஆக்குவது எது? பாடியவரின் பெயரும் பழமையும் சபை ஏற்பும் ஆக்குகின்றனவா, பாட்டினுள்ளே இருப்பது ஆக்குகிறதா? இரண்டுக்கும் தகுந்த வாதம் உண்டு. ஆனால் சண்டை ஆட்களின் மேல் திரும்பிவிட்டது. இருவரும் மறைந்தபின்னும் துண்டு நூல்களும் எதிர்நூல்களும் வந்துகொண்டே இருந்தன. அவற்றில் பாட்டைப் பற்றிய பேச்சைவிடப் பாடியவரைப் பற்றிய ஏச்சு மிகுதி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அருட்பாத் தரப்பில் நின்றவர்களில் ஒருவர் கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர், இஸ்லாமியர். சைவத்துக்குள் நடந்த வழக்கில் சைவர் அல்லாத ஒருவர் பாட்டைக் கேட்டுத் தம் தீர்ப்பைச் சொன்னார். நீ யார் என்று கேட்டு அவரை அப்புறப்படுத்த முடியவில்லை, ஏனென்றால் அவர் கையில் பாட்டு இருந்தது.

கடைசி மறுப்பு ஒன்று பாக்கி. பழைய நூலை இன்றைய நியாயத்தால் அளப்பது அநீதி, அந்தக் காலம் அப்படி என்பார்கள். இதில் உண்மை உண்டு. அதற்காகத்தான் நூலை அதன் சொந்த அளவுகோலால் அளக்க வேண்டும் என்கிறேன். எல்லா மதத்தவரும் தமக்கு உரியது என்று கொண்டாடும் திருக்குறளையே பார்ப்போம். பெரியார் 1949 ஜனவரியில் சென்னையில் குறள் மாநாடு கூட்டியவர். பெண்களைப் பற்றிய குறள்களைக் குறை சொல்லவும் அவர் தயங்கவில்லை. அவர் பொதுவில் எதிர்த்ததை நான் ஓர் அதிகாரத்தில் நிறுத்திச் சொல்வேன். 43ஆம் அதிகாரமான அறிவுடைமையில், எந்தப் பொருளை யார் வாயிலிருந்து கேட்டாலும் அதன் மெய்யைப் பார்ப்பதே அறிவு என்று வள்ளுவர் வகுக்கிறார். சொன்னவரைப் பார்க்காதே, சொல்லைப் பார் என்பது அது. 91ஆம் அதிகாரமான பெண்வழிச் சேறலுக்கு வந்தால் சொன்னவர் மனைவி என்பதே சொல்லைத் தள்ளப் போதுமான காரணமாகிவிடுகிறது. நன்னூல் பட்டியலில் இதற்குப் பெயர் இருக்கிறது: மாறுகொளக் கூறல். காலத்தின் மேல் பழியைப் போட இங்கே வழியில்லை; முரண் நூலுக்கு உள்ளேயே இருக்கிறது.

பரிமேலழகர் மரபில் நிற்பவர்களிடம் விடை உண்டு. இந்த அதிகாரம் எல்லா மனைவியரையும் பற்றியதல்ல, தன்வழி ஒழுகாத மனைவியிடம் காமத்தால் அடிமைப்பட்டுக் கிடப்பவனைப் பற்றியது என்பார்கள். பொருட்பாலில், ஆள்பவனுக்கு வரும் கேடுகளின் வரிசையில் இது வைக்கப்பட்டிருப்பதையும் காட்டுவார்கள். நல்ல விடை. மனைவிக்கு அஞ்சுவதையும் காமத்தால் கடமை மறப்பதையும் பேசும் குறள்களுக்கு இது பொருந்துகிறது என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 909ஆம் குறள் நிற்கிறது. பெண் ஏவியதைச் செய்கிறவனிடம் அறச்செயலும் இல்லை, சிறந்த பொருளும் இல்லை, மற்ற செயலும் இல்லை என்கிற அந்தக் குறளில் அடங்காதவள் என்ற அடையும் இல்லை, காமம் என்ற நிபந்தனையும் இல்லை. ஏவியவள் நல்லதை ஏவியிருந்தால்? அதிகாரத் தலைப்பிலிருந்து அந்த அடையைக் கொண்டுவந்து கூட்டிக்கொள்ளலாம் என்றால், அதே சலுகையை வேறு எந்த அதிகாரத்தில் எந்தக் குறளுக்குக் கொடுத்தோம் என்று காட்ட வேண்டும். காட்டினால் என் குறையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.